டிராக்டரில் ஹெட் கேஸ்கட் அடித்துவிட்டதா? காரணத்தையும் சேர்த்துக் களையுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உழவு ஓட்டும் விவசாயிகளுக்கு, மண்ணில் பதமான ஈரம் நிற்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் பழைய டிராக்டர் ரேடியேட்டரில் ஆவி பறக்க வயல் நடுவே நின்றுவிட்டால், செலவைவிடப் பருவம் தவறிப்போகும் கவலையே பெரிதாகிறது. இவ்வாறு நிற்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஹெட் கேஸ்கட் பழுதாகும். ஓரளவு கருவிகளும் பொறுமையும் உள்ள விவசாயி, பழக்கமுள்ள ஒருவரின் துணையோடு இதை வீட்டுக் களத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேஸ்கட் ஏன் அடித்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், அதுவும் விரைவில் அடித்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு சிறு விவசாயி ஒரே பருவத்தில் இரண்டு முறை கேஸ்கட் மாற்றினார். மூன்றாம் முறை பார்த்தபோது, ரேடியேட்டர் குழாய்களில் பாதி உப்புப் படிந்து அடைபட்டிருந்தது, ஹெட்டும் வளைந்திருந்தது. இரண்டு கேஸ்கட்டின் விலையும், அதைவிட அருமையான உழவு நாட்களும் வீணாயின.

கேஸ்கட்டின் வேலை

சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் உள்ள ஹெட்டுக்கும் இடையே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். டீசல் என்ஜினில் காற்று சுமார் 16 முதல் 18-ல் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, அதன் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அந்த வாயுவையும், அருகிலேயே ஓடும் தண்ணீரையும், எண்ணெயையும் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பது கேஸ்கட். என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைகிறது. பிடிமானம் தளர்ந்த இடத்தில் வாயு கேஸ்கட்டை எரித்துக்கொண்டு வெளியேறுகிறது.

அறிகுறிகள்

வெளியே ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறைவது, எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுப்பது, சூடேறிய பின்னும் வெண்புகை வருவது, இழுவை குறைவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். என்ஜின் நன்கு குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓட்டிப் பாருங்கள். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்தால் கேஸ்கட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். சூடாக உள்ளபோது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அதற்குமேல் என்ஜினை ஓட்டாதீர்கள், பேரிங்குகள் கெட்டுவிடும்.

பிரிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஓர் இரவு முழுவதும் ஆறவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் குழாயை மூடி, ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் உள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். காற்று வடிகட்டி, புகைக்குழாய்ப் பாகங்கள், டீசல் பைப்புகள் ஆகியவற்றைக் கழற்றி, பைப்புகளின் முனைகளைச் சுத்தமான துணியால் கட்டிவிடுங்கள். ஒரு தூசி போதும், இன்ஜெக்டரைக் கெடுப்பதற்கு. இன்ஜெக்டர்களையும் முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டைக் கீழே வைக்கும்போது அவற்றின் மூக்கு நசுங்கும்.

புஷ் ராடுகளை எடுத்த வரிசையிலேயே ஓர் அட்டையில் துளையிட்டுச் செருகி வையுங்கள். ஹெட் நட்டுகளை ஓரங்களிலிருந்து நடுப்பக்கமாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் கழற்றினால் ஹெட் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இடையில் உளி கொடுத்து நெம்பாதீர்கள். ஹெட் கனமானது, தூக்க இருவர் தேவை. அது கழன்ற பின் என்ஜினைச் சுற்றக் கூடாது. சில என்ஜின்களில் லைனர் இடம் பெயர்ந்துவிடும்.

பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு செய்யும். ஆகவே காய்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டி, கழிவை ஈரமாகவே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஹெட்டைச் சோதித்தல்

பலர் விட்டுவிடும் வேலை இதுதான். முகப்பை நன்கு துடைத்து, நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் இரு மூலைவாக்கிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பாருங்கள். 0.10 மி.மீ. தகடு எங்கேனும் நுழைந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். வளைவு இருந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்ய வேண்டும். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. மீறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வால்வுகளுக்கு இடையே மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டால் அழுத்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைப் பூட்டாதீர்கள். பிளாக்கின் மேல்முகத்தையும், லைனர் துருத்தியிருக்கும் உயரத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

பூட்டும் முறை

போல்ட்டுத் துளைகளில் தேங்கிய தண்ணீர், எண்ணெயை முழுதும் துடைத்து எடுங்கள். தேங்கியிருந்தால் முறுக்கும்போது பிளாக் விரிசல் விடக்கூடும். புதிய கேஸ்கட்டை, மேல்பக்கம் என்று குறியிட்ட பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, எல்லாத் துளைகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை முறுக்கிய கேஸ்கட்டை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பசையும் கிரீசும் தயாரிப்பாளர் சொன்னால் மட்டுமே தடவலாம்.

நட்டுகளை நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கி, மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் மூன்றில் இரண்டு, கடைசியில் முழு அளவு. இதற்கு டார்க் ரெஞ்சு இன்றியமையாதது, கைக்கணக்கு போதாது. கருவி இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்காவது மெக்கானிக்கை அழையுங்கள். பின்னர் டேப்பெட் இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுங்கள்.

டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி, என்ஜினை மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள். ஓடும்போது இன்ஜெக்டர் பைப்புகளில் கையை வைக்காதீர்கள்; பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். பழைய என்ஜின்கள் பலவற்றில் சூடேறிய பின் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். எப்போது, எப்படி என்பதைக் கையேடு சொல்லும்.

மூல காரணம்

பல கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதை ரேடியேட்டரில் ஊற்றி வந்தால் உட்புறம் செதில் படியும். அந்தச் செதில் இரும்பைப் போல வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே முழுத் தண்ணீர் இருந்தும் என்ஜின் சூடாகும். ஹெட் கழன்றிருக்கும்போதே ரேடியேட்டரைப் பட்டறையில் கொடுத்து உட்குழாய்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். வெளிப்புறத் தகடுகளில் சேர்ந்த வைக்கோல் தூசியையும் பஞ்சையும் நீக்குங்கள். விசிறி பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு, தண்ணீர்ப் பம்பு, ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள்.

இனி ஊற்றும் தண்ணீர் மென்மையானதாக இருக்கட்டும். முதல் மழை கூரையைக் கழுவிய பின் பிடித்த மழைநீர் நல்லது. அதனுடன் டப்பாவில் குறித்த அளவு கூலன்ட் சேர்த்தால் துருவும் தடைபடும். என்ஜின் கொதித்துவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விடும். நிறுத்தி, ஆறிய பின்னரே ஊற்றுங்கள்.

ஹெட் பட்டறையில் இருக்கும் நாட்களில் உழவு நிற்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். அவசரத்தில் பாதி வேலையாகப் பூட்டுவதைவிட, அந்த வாடகை குறைந்த செலவே.

தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் தண்ணீர் மட்டத்தையும் எண்ணெயின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால், உழவு நாளில் டிராக்டர் வயல் நடுவே நிற்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.