வடக்குத் தடம் – 12: அரண்மனைப் பள்ளியும் ஏழுகிணறு மாடியறையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் மின்சார ரயில், வழியில் பொன்னேரியில் நிற்கிறது. அங்கே இறங்கினால் சின்னக்காவணம் பக்கம்தான். வள்ளலாரின் தாயார் சின்னம்மையின் ஊர். 1823 அக்டோபர் 5 அன்று, சிதம்பரத்தை அடுத்த மருதூரில், பின்னாளில் வள்ளலார் எனப்பட்ட ராமலிங்கம் பிறந்தார். ஒரு வயது நிறையுமுன்பே தந்தை ராமையா பிள்ளை காலமாகிவிட, ஐந்து பிள்ளைகளோடு சின்னம்மை வந்து சேர்ந்த தாய்வீடு இது. பிறகு சென்னை ஏழுகிணறு. மூத்த மகன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

ராமலிங்கத்தின் இந்தப் பிள்ளைப் பருவம் எனக்கு ஒரு படத்தை நினைவூட்டுகிறது. ரஷ்யக் கவி புஷ்கினின் பள்ளிப் பருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 2007-இல் ‘18-14’ என்றொரு படம் வந்தது. ஜார் மன்னரின் அரண்மனையை ஒட்டி 1811-இல் திறந்த உறைவிடப் பள்ளி, முதல் அணியில் முப்பதே மாணவர்கள், அவர்களைச் சுற்றி நடக்கும் கொலைகள் என்று கதை போகிறது. கவியின் பிற்காலப் புகழுக்குப் போகாமல் அந்தப் பையன்களோடேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

வள்ளலாருக்கும் நம் சினிமாவில் இடம் கிடைத்திருக்கிறது. 1939-இல் ‘ஜோதி’. 1971-இல் ஏ.டி. கிருஷ்ணசாமி இயக்கத்தில், மாஸ்டர் ஸ்ரீதர் நடித்த ‘அருட்பெருஞ்ஜோதி’. முழு வாழ்க்கையையும் சொல்லப் புறப்படும் படத்தில் பிள்ளைப் பருவம் சில காட்சிகளில் ஓடிவிடும். ஆனால் அந்தப் பருவமே தனிப் படத்துக்குப் போதும்.

தம்பி படிக்க வேண்டும் என்பது சபாபதியின் தவிப்பு. தாமே சொல்லிக் கொடுத்தார். தம் ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமும் அனுப்பினார். பையனோ கந்தகோட்டம் முருகன் கோயிலில் பாடிக்கொண்டு நின்றான். வீட்டில் சோறு போடக் கூடாது என்றார் அண்ணன். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கொல்லைப்புறமாக அழைத்துச் சோறு போட்டார். வீட்டில் திவசம் நடந்த ஒரு நாள், ஊருக்கெல்லாம் இலை போட்டுவிட்டு இவனை மட்டும் கொல்லையில் உட்காரவைக்க நேர்ந்ததே என்று அவர் அழுதாராம். அந்தக் கண்ணீருக்காகத்தான் படிக்க ஒப்புக்கொண்டான். கேட்டது மாடியில் ஓர் அறையும் ஒரு கண்ணாடியும். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டு பாடினான் என்கிறது வரலாறு. இயக்குநர் யாராவது இதைத் தொட்டால், அற்புதத்தைவிட அந்த அண்ணியின் முகத்தில் காமிராவை அதிக நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். சபாபதியையும் வில்லனாக்கிவிடக் கூடாது. பிரசங்க வருமானத்தில் ஒரு குடும்பமே உண்ட வீடு அது. அவர் கோபத்தில் பாதி பயம்.

1815 ஜனவரியில், பள்ளித் தேர்வில் பதினைந்து வயது புஷ்கின் தன் கவிதையை வாசித்தபோது, முதுபெரும் கவி தெர்ழாவின் நெகிழ்ந்துபோனார். ராமலிங்கத்துக்கு அப்படியொரு அவை சோமு செட்டியார் வீட்டில் அமைந்தது. அங்கே தொடர் பிரசங்கம் செய்துவந்த அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வா என்று அனுப்பப்பட்ட சிறுவன், சேக்கிழார் பாடலுக்கு நள்ளிரவு தாண்டியும் பொருள் விரித்தான். மீதி நாட்களுக்கும் அவனே வர வேண்டும் என்று கேட்டார்கள். தம்பியை இனிப் படி என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை.

தாய்வீடு பொன்னேரி, கண்ணாடியில் கண்டது திருத்தணி. திருவள்ளூர் வீரராகவர் மீதும் பஞ்சகம் பாடியிருக்கிறார். மூன்றும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. தணிகைப் பதிகங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.