வலையில் ஓட்டை போட்ட மீனவர்!

வலை கிழிந்தால் மீனவர் உட்கார்ந்து தைப்பார். வேண்டும் என்றே வலையில் ஓட்டை போடுகிறவர் உண்டா?

ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டேரியன் என்ற கடற்கரை ஊர். அங்கே இறால் பிடித்து வந்தவர் சிங்கி பூன்.

சொறிமீன் தொல்லை

அந்தக் கடலில் சில மாதங்களில் சொறிமீன்கள் பந்து பந்தாகத் திரண்டு வரும். இழுவை மடி நிரம்பிவிடும். இறால் நசுங்கும். வலை கிழியும். மடியைத் தூக்கவே முடியாது. அன்றைய எண்ணெய்க் காசு வீண்!

1970-ம் ஆண்டுக்குச் சற்று முன்பு, பூன் ஒரு வேலை செய்தார். மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகக் கட்டினார். அதன் பக்கத்தில் வலையை வெட்டி ஒரு வாசல் வைத்தார். சின்ன இறால் கம்பிக்கு நடுவே புகுந்து மடிக்குள் போயிற்று. பெரிய சொறிமீன் கம்பியில் சறுக்கி வெளியே போயிற்று.

கடலாமையை நினைத்து அவர் இதைச் செய்யவில்லை. தம் இறாலுக்காகவே செய்தார். ஆனால், ஆமையும் அதே வாசலில் தப்பியது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும்.

இலவசம், ஆனாலும் வேண்டாம்!

பிறகு அமெரிக்க அரசும் ஆமைக்காக ஒரு கூண்டு செய்தது. 1980-ம் ஆண்டுக்குப் பின் அதை இலவசமாகக் கொடுத்தும், கட்டியவர்கள் வெகு சிலரே. அது பெரிது, கனமானது. அதோடு, ஆமை பிழைத்தால் மீனவர் வீட்டில் உலை கொதிக்குமா?

1987-ம் ஆண்டில் கட்டாய விதி வந்தது. மீனவர்கள் செய்த சட்டங்களையும் அரசு ஏற்றது. பூன் செய்ததும் அதில் ஒன்று. அப்படியும் கோபம் தணியவில்லை. வாசல் வழியாக இறாலும் போகிறதே என்று குமுறினார்கள். 1989 ஜூலையில் டெக்சாஸ், லூயிசியானா மீனவர்கள் படகுகளைக் குறுக்கே நிறுத்தித் துறைமுகங்களை மறித்தார்கள்!

நம் படகில்

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுக்கு ஏற்ற சட்டம் ஒன்றைச் செய்திருக்கிறது. நம்மவர் தயங்குவதில் நியாயம் உண்டு. அமெரிக்க இறால் படகுக்கு இறால்தான் குறி. நமக்கோ திருக்கையும் காசு, பெரிய மீனும் காசு. ஆமை போகும் வாசலில் அவையும் போய்விடுமே!

ஆனால், ஆமையைக் காக்காமல் பிடித்த இறாலை வாங்கக் கூடாது என்று 1989-ம் ஆண்டிலேயே அமெரிக்கா சட்டம் போட்டது. அந்தச் சட்டப்படி 2019-ம் ஆண்டில் நம் கடல் இறாலுக்குக் கதவை அடைத்தது. கதவு திறந்தால் இறால் விலை ஏறும். அந்த விலை ஏற்றுமதி வியாபாரியோடு நிற்குமா, படகுக்காரர் கைக்கும் வருமா? வரும் என்று தெரிந்தால், சட்டம் கட்ட யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.