நெருப்புக்குக் காத்திருக்கும் நீர்

ஒரு நகரத்துத் தெருவின் அடியில் புதைந்திருக்கும் குடிநீர்க் குழாயின் பருமனை, அத்தெருவில் வசிப்போரின் தாகத்தைக் காட்டிலும் என்றோ ஒருநாள் அங்கே பற்றக்கூடிய நெருப்பே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஹைட்ரன்ட் எனப்படும் தீயணைப்புக் குழாயிலிருந்து நிமிஷத்துக்கு 500 காலன் வீதம் இரண்டு மணி நேரம் நீர் பாய வேண்டுமென்று வைத்துக்கொண்டால், அதற்கு 60,000 காலன் ஆகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 காலன் என்ற கணக்கில் அது 600 பேரின் ஒரு நாள் உபயோகம்.

ஆகையினால்தான் அமெரிக்காவில், சில வீடுகளின் தேவைக்கு 3 அங்குலக் குழாயே தாராளமாகப் போதுமான இடத்திலும், ஹைட்ரன்ட் இருக்குமானால் 6 அங்குலத்துக்குக் குறையாத குழாய் பதிப்பது வழக்கமாயிற்று. விட்டம் இரட்டித்தால் குழாயின் கொள்ளளவு நான்கு மடங்காகும். குடிப்பவர் தொகையோ கூடுவதில்லை. எனவே நீரின் வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்து, அது குழாயில் தங்கும் காலம் நான்கு மடங்காக நீள்கிறது. அவ்வாறு தங்கும் நீரில் கிருமிநாசினியாகக் கலந்த குளோரின் சிறுகச் சிறுக க்ஷீணித்துப்போகிறது. மந்தகதியில் செல்லும் நீரிலிருந்து நுண்ணிய வண்டல் அடியில் படிந்து, தீ விபத்தன்று ஹைட்ரன்டைத் திறந்ததும் ஒருசேரக் கலங்கி, அக்கம்பக்கத்து வீடுகளில் பழுப்பு நீராக வந்து விழுகிறது.

1906 ஏப்ரல் 18-ஆம் தேதி பூகம்பத்தில் குழாய்கள் உடைந்து, நெருப்பை அணைக்க நீரின்றித் தவித்த சான் பிரான்சிஸ்கோ, தீயணைப்புக்கென்றே உயர் அழுத்தக் குழாய்த் தொடர் ஒன்றைக் குடிநீரோடு சேராதபடி தனியே அமைத்து, மலைமேல் ஒரு நீர்த்தேக்கத்தையும், அவசரத்துக்குக் கடல்நீரை இறைத்தனுப்பும் நிலையங்களையும் அதனோடு இணைத்தது. இத்தகைய இரட்டை ஏற்பாட்டின் செலவை எல்லா ஊர்களாலும் தாங்க இயலாது.

குளோரின் எச்சமின்றியே குடிநீர் விநியோகிக்கும் நெதர்லாந்தோ வேறு வழி கண்டது. குடியிருப்புத் தெருக்களில் தீயணைப்புக்கு ஒதுக்கும் நீரின் அளவைக் குறைத்துக்கொண்டு, கிளைக்குழாய்களைச் சிறுத்த விட்டத்தில் அமைத்து, நாளுக்கு ஒருமுறையேனும் நீர் விநாடிக்கு சுமார் 0.4 மீட்டர் வேகத்தில் ஓடும்படி அங்குள்ள பொறியாளர் திட்டமிடுகின்றனர். அந்த வேகத்தில் வண்டல் தங்குவதில்லையாதலால், காலையில் வீட்டார் குளிக்கும் குளியலே தெருக்குழாயையும் கழுவிவிடுகிறது.