உஷார்! பழைய காரைப் பிள்ளையிடம் தள்ளிவிடாதீர்கள்

எஸ்.பி.எம். கடைசித் தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த அன்றே பேச்சு தொடங்கிவிடும். "எல்லாரும் லைசன் எடுத்துட்டாங்கப்பா." கொஞ்ச நாளில் 'எல்' கைக்கு வரும், சில மாதத்தில் கார் முன்னும் பின்னும் 'பி' ஒட்டியாகிவிடும். அதற்குள் அப்பா புதிதாக ஒரு மைவி எடுத்திருப்பார். போர்ச்சில் பல வருஷமாக நிற்கிற கஞ்சிலோ விவாவோ பிள்ளைக்குப் போகும். பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இதுதான் நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே ஒரு மோட்டார் வேண்டும். பஸ் பிடித்து மலாக்கா சென்ட்ரல் போய், அங்கே இன்னொரு பஸ் மாறி வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த பிள்ளை எப்படிப் போய்வரும்? மோட்டாரில் அனுப்பவோ பயம். அந்தப் பயம் நியாயமானது. கோவிட் முடக்க ஆண்டுகளை விட்டுப் பார்த்தால், இந்த நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். 'காரென்றால் சுற்றிலும் தகடாவது இருக்கிறதே' என்று ஒரு தாய் நினைப்பது தப்பே இல்லை.

ஆனால் எந்தக் காரைக் கொடுக்கிறோம்?

கஞ்சில் 1994 முதல் 2009 வரை வந்த வண்டி. பெரும்பாலான கஞ்சில்களில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. விலை குறைந்த விவாக்கள் பலவற்றிலும் இதே நிலைதான். ஏ.பி.எஸ். இல்லாத காரில் மழை நேரத்தில் பதறிப்போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் வழுக்கிக்கொண்டு போகும். பழகியவர் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பார். 17 வயதுக் காலுக்கு அது தெரியாது. லைசன் வகுப்பில் மழைக்காகக் காத்திருந்து யாரும் சொல்லித் தருவதில்லை.

நம் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி தோட்டப் பாதையிலிருந்து ஆமை மாதிரி நகர்ந்து சாலையில் ஏறும். அதன் டயர் இழுத்து வந்த செம்மண் தார் மேல் படிந்திருக்கும். ஒரு தூறல் போட்டால் போதும், அந்த இடம் சோப்பு போட்ட தரை மாதிரி ஆகிவிடும். இரவில் விளக்கில்லாத நீட்டுப் பாதையில் மாடு நிற்கும், விளக்கு எரியாத மோட்டார் எதிரே வரும். இருபது வருஷம் ஓட்டிய அப்பா இதையெல்லாம் நாலு ஏர்பேக்கும் வழுக்காமல் பிடிக்கும் கருவியும் உள்ள புது மைவியில் கடக்கிறார். நேற்று லைசன் எடுத்த பிள்ளையோ தேய்ந்த டயரோடு, ஒன்றுமே இல்லாத தகரப் பெட்டியில் கடக்கிறது. குடும்பத்திலேயே அதிகக் காப்பு தேவைப்படுகிறவருக்கு, இருப்பதிலேயே காப்பில்லாத வண்டி!

"இடிச்சாலும் பழைய காடிதானே, போனாப் போகுது" என்று சிலர் சொல்கிறார்கள். காரை மட்டும் நினைத்துச் சொல்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரை ஒரு நிமிஷம் நினையுங்கள்.

அடுத்த ஆபத்து கூட்டாளிகள். புது ஓட்டுநர் தனியாகப் போவதைவிட தன் வயதுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் ஆய்ந்து கண்ட உண்மை. தலை கூடக் கூட ஆபத்தும் கூடும். இரவென்றால் இன்னும் மோசம். நியூசிலாந்தில் தனியாக ஓட்டத் தொடங்கும் பிள்ளை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெரியவர் துணையில்லாமல் ஓட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்ட புது ஓட்டுநர் இரவு 11 மணிக்கு மேல் 21 வயதுக்குட்பட்டவர்களில் ஒருவரைத்தான் ஏற்றலாம். நம் நாட்டில் 'பி' லைசனுக்கு அப்படி நேரக் கட்டும் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. "அம்மா, மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போயிட்டு வந்திர்றோம்" என்று ஐந்து பேர் ஏறினால் தடுக்க எந்தச் சட்டமும் வராது. வீட்டில் நீங்கள்தான் தடுக்க வேண்டும். பின் இருக்கைக்கும் பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். கோயிலுக்குப் போகிற ஐந்து பேரில் பின்னால் உட்கார்ந்த மூன்று பேரும் போட்டிருக்கிறார்களா?

இரவு நேரத்தில் சாலையில் யார் எதிர்ப்படுவார்கள் என்று சொல்ல முடியாது. 2017 பிப்ரவரி 18, ஜொகூர் பாருவில் விடிகாலை மூன்று மணிக்கு மேல், மாற்றியமைத்த சைக்கிள்களில் வந்த சிறுவர் கூட்டத்தில் ஒரு கார் மோதி 8 பேர் இறந்தார்கள். காரை ஓட்டியவருக்கு அப்போது 22 வயது. கீழ் நீதிமன்றம் இரண்டு முறை விடுவித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் 6 ஆண்டு சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றமில்லை என்று விடுதலை செய்தது. குற்றமில்லை என்று முடிவாகவே ஆறு வருஷம். அந்த இடத்தில் 17 வயதில் உங்கள் பிள்ளை உட்கார்ந்திருந்தால் தாங்குமா? குற்றம் உறுதியானாலோ கதையே வேறு. ஆபத்தாக ஓட்டி உயிர் போனால், 2020 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும் என்கிறது சட்டம்.

லைசனே இல்லாத பிள்ளையிடம் சாவி கொடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுறான், கடைக்குத்தானே போறான்" என்று 14 வயதில் தொடங்கி வைக்கிறோம். கார் ஓட்ட 17 வயது ஆக வேண்டும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு ஓட்டியவரோடு, ஓட்ட விட்டவரையும் பிடிக்கும். சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவில் போலீஸ் பெற்றோரை விசாரிக்கவும் இடமிருக்கிறது. அதில் உச்சத் தண்டனை 20 ஆண்டு சிறை. இந்தியாவில் புனே கல்யாணி நகரில் 2024 மே 19 அன்று 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கொடுத்ததில் நாடே கொதித்தது. பின்னர் அவன் அப்பாவைக் கைது செய்தார்கள்.

இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்று நம்பியும் இருக்காதீர்கள். ஓட்டியவருக்கு லைசன் இல்லையென்றால் உங்கள் கார் சேதத்துக்கு ஒரு காசு வராது. லைசன் இருந்தாலும், 21 வயது ஆகாதவரோ, 'பி' வைத்திருப்பவரோ, பாலிசியில் பெயர் இல்லாதவரோ ஓட்டி இடித்தால் முதல் 400 ரிங்கிட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். கிளெய்ம் செய்யாமல் பாடுபட்டுச் சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவும் அந்த ஒரு கிளெய்மோடு போய்விடும். 'பி' காலமான இரண்டு ஆண்டுக்குள் கெஜாரா குற்றப்புள்ளி முறையில் 10 புள்ளி சேர்ந்தால் லைசனே ரத்து. சிவப்பு விளக்கை மீறினால் ஒரு தடவைக்கே 4 புள்ளி.

அப்பாமாரே, அம்மாமாரே, கார் தராமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். முதல் ஆறு மாதம் பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். மழை பெய்யும்போது வேண்டுமென்றே அழைத்துப் போங்கள். லோரிக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று ஜாசின் சாலையிலேயே காட்டுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சாவி கிடையாது, கூட்டாளிகள் ஏறக் கூடாது, ஒரு வருஷத்துக்கு. மகனுக்கும் மகளுக்கும் ஒரே சட்டம். முகம் தூக்கிவைத்துக்கொள்வார்கள்; தூக்கட்டும். பாலிசியில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நாலு டயரையும் இந்த வாரமே பட்டறையில் காட்டுங்கள்.

ஆறு மாதம் கழித்துத் தனியாக அனுப்பும் நாளில், உங்கள் மைவி சாவியைப் பிள்ளையிடம் கொடுங்கள். கஞ்சிலை நீங்கள் ஓட்டுங்கள்.