குரல் முறையை அறிவிக்கும் குறி

அமெச்சூர் வானொலியில் குரல் இக்காலத்தில் எண்வடிவிலும் அனுப்பப்படுகின்றது. பேசிய சொற்களை 0, 1 என்னும் பிட்டுகளாகச் சுருக்கி, மறுமுனையில் அவற்றை மீண்டும் குரலாக விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். இரு முனைகளிலும் ஒரே கோடெக் இருந்தாலன்றிப் பேச்சு விளங்காது. அனுப்பியவர் எந்தக் கோடெக்கைக் கையாண்டார் என்பதை ஏற்பி எவ்வாறு அறியும்?

ஜப்பானிய அமெச்சூர் வானொலிக் கழகம் வகுத்த டி-ஸ்டார் முறையில் இவ்வினா எழவில்லை. அதில் ஏஎம்பிஇ என்னும் ஒரே கோடெக் விதிக்கப்பட்டது. ஆனால் அது தனியார் நிறுவனத்தின் உரிமையாயிருந்தது. ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ் 2010-இல் வெளியிட்ட கோடெக் 2-இன் நிரலையோ எவரும் படிக்கலாம், திருத்தலாம். 2019-இல் போலந்தில் தொடங்கிய எம்17 முறை இதனையே மேற்கொண்டது.

எம்17-இல் 40 மில்லி வினாடிக்கு ஒருமுறை 128 பிட்டுகள் கொண்ட பொதி ஒன்று செல்கின்றது. குரல் வினாடிக்கு 3,200 பிட்டு வீதம் சுருக்கப்பட்டிருப்பின், பொதி முழுவதும் குரலே. 1,600 பிட்டு வீதமாயின், பாதி குரல், பாதி பிற செய்தி. பொதியின் அளவு ஒன்றே, பொருள் வேறு. மாற்றிப் பொருள் கொண்டால் இரைச்சலே எஞ்சும்.

ஆகவே ஒலிபரப்பின் தொடக்கத்தில் 240 பிட்டுகள் கொண்ட முகப்பு ஒன்று அனுப்பப்படுகின்றது. அழைப்புக்குறிகளுடன் 16 பிட்டுகள் கொண்ட வகைக்குறியும் அதில் உண்டு. விதிமுறையின் முதற்பதிப்பில் அவற்றுள் 2 பிட்டுகள் உள்ளடக்கத்தைச் சுட்டின: 01 எனில் செய்தி, 10 எனில் 3,200 பிட்டுக் குரல், 11 எனில் 1,600 பிட்டுக் குரலுடன் செய்தி. இடையில் செவிமடுக்கும் ஏற்பிக்கும் இது கிட்டுமாறு, முகப்பு 6 கூறுகளாகப் பிரிக்கப்பட்டுப் பொதிகளுடன் திரும்பத் திரும்பச் செல்கின்றது. 6 பொதிகளில், அதாவது 240 மில்லி வினாடியில், அது முழுமையடையும்.

எனினும் 2 பிட்டுகளால் 4 குறிகளே அமையும். மூன்று பயன்பட்டுவிட்டமையால் 00 ஒன்றே எஞ்சியது. பின்னாளில் மேலான கோடெக் தோன்றிக் குறியின்றிப் புகுமாயின், பழைய ஏற்பிகள் அதனைப் பழைய முறையிலேயே விரிக்கும். புயல், வெள்ளக் காலங்களில் உதவி கோரும் குரல் இவ்வாறு இரைச்சலாய் மறைதல் சிறிய இழப்பன்று. எனவே நெறிமுறை வகுப்போர் கோடெக்கின் பெயருக்கெனப் போதிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குதல் நலம். அறியாத குறியைக் கண்ட ஏற்பி, இரைச்சலை எழுப்பாது, அதனைக் கேட்போருக்கு அறிவித்தலும் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே விளக்கலாம். உயிரெழுத்துகளுக்கு 1 முதல் 12 வரை எண்ணிட்டு, 112 என எழுதுக. ஒரு மாணவன் அ, அ, ஆ என்பான். மற்றொருவன் ஓ, ஆ என்பான். வேறொருவன் அ, ஔ என்பான். மூவரும் பிழை செய்யவில்லை. எவ்வாறு பிரித்தல் வேண்டும் என்பதை எழுதியவர் சொல்லவில்லை, அவ்வளவே.