முற்றிய பனையைத் தேடுங்கள்

மீளக் குடியேறிய எமது பங்குத் தாயொருவர் தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டார். மூன்றாம் மாரியிலேயே கைமரங்கள் உளுத்து ஓடுகள் சரிந்தன. மலிவாகக் கிடைத்த இளம்பனை அது. நகையும் மீளவில்லை, கூரையும் நிலைக்கவில்லை.

பனையின் பலம் வெளிப்புறக் கருவைரத்திலேயே உள்ளது. உட்சோறு மென்மையானது; ஈரத்தையும் கறையானையும் தாங்காது. வாங்குமுன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கருமை தடிப்பாக இருக்கிறதா? உட்சோற்றை முற்றாகச் செதுக்கி நீக்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஊர்த் தச்சரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

கடற்கரை மணலைக் கொங்கிறீற்றில் கலக்காதீர்கள். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். கரையோர வீடுகளின் கதவு, யன்னல் பிணைச்சல்களுக்கு இரும்பிலும் பித்தளையே நீடிக்கும்.

உடைந்த பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளை அறுக்கவோ நொறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். நீர் தெளித்து, முழுதாகக் கழற்றி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் புதையுங்கள்.

கற்பாறைமேல் வீடு கட்டியவனை இயேசு அறிவாளி என்றார். அவன் செலவழித்தது கண்ணுக்குத் தெரியாத அத்திவாரத்தில். நாமும் கையிலுள்ள பணத்தை முதலில் அத்திவாரத்துக்கும் கூரைக்கும் ஒதுக்குவோம். வர்ணப்பூச்சு அடுத்த அறுவடைவரை பொறுக்கும், மாரி பொறுக்காது.