பாலர் கல்வியிற் பாவையின் பணி

மரத்தாலும் தோலாலும் பாவை சமைத்து, அதனை உயிருள்ளதுபோல இயக்கிக் காட்டுங் கலை தமிழர்க்குப் பழையது. நாணுடைமையைக் கூறும் அதிகாரத்தில் வள்ளுவர் மரப்பாவையை உவமையாக எடுத்தாண்டமை இதற்குச் சான்றாகும். இலங்கையிற் சிங்கள மக்களிடையே வளர்ந்த நூற்பாவை நாடகம் 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் கூடிக் கண்டு மகிழ்ந்த இக்கலை, மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பாலர்க்கு அன்பும் ஒத்துழைப்பும் பயிற்றுதற்கு எங்ஙனம் உதவும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் பந்தைப் பறித்தால், அதனைத் தீக்குணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. பிறருள்ளத்தை அறியும் ஆற்றல் படிப்படியாகவே முதிர்கின்றது. 1983ஆம் ஆண்டில் விம்மர், பெர்னர் என்னும் உளவியலறிஞர் வெளியிட்ட ஆய்விலே, சிறுவனொருவன் தான் வைத்த சாக்லேற்றை அவன் இல்லாத வேளையில் தாய் வேறிடத்துக்கு மாற்றிய கதை பொம்மைகளைக் கொண்டு நடித்துக் காட்டப்பட்டது. மீண்டுவரும் சிறுவன் அதனை எங்கே தேடுவான் என்று வினவியபோது, மூன்று வயதினர் பெரும்பாலும் புதிய இடத்தையே காட்டினர். தாம் அறிந்ததை அவன் அறியான் என்பது அவர்க்குப் புலப்படவில்லை. வயது ஏற ஏறவே சரியான விடை மிகுந்தது.

ஆகவே, “அன்பாயிரு” என்னும் அறிவுரை மட்டும் இவ்வயதினர்க்குப் போதாது; பிறர் உள்ளத்தைக் கண்ணாற் காணுமாறு செய்தல் வேண்டும். யானைப்பாவை முயற்பாவையின் பந்தைப் பறிக்கின்றது. முயல் முகங்கவிழ்ந்து இருக்கின்றது. ஆசிரியர் தாமே நீதி கூறாது, “முயல் ஏன் இப்படி இருக்கிறது? யானை இனி என்ன செய்யலாம்?” என வினவுவாராக. பிள்ளைகள் கூறும் வழியிலேயே காட்சி மீண்டும் நடிக்கப்படல் வேண்டும். இங்கே பாவை மாணாக்கனாகின்றது, பிள்ளை ஆசிரியனாகின்றான். குற்றம் பாவையின்மேல் நிற்பதால், முன்னர்ப் பறித்த பிள்ளையும் நாணமின்றி வாய்திறக்கின்றான். ஆயின், அவன் பெயரையோ செயலையோ பாவைமேல் ஏற்றி நடித்தல் ஆகாது. அது நகையாடலாய் முடியும்.

ஒத்துழைப்புக்கு யப்பானியரின் புன்ராக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கே பெரும்பாவையொன்றை மூவர் இயக்குவர். ஒருவர் தலையையும் வலக்கையையும், மற்றொருவர் இடக்கையையும், மூன்றாமவர் கால்களையும் ஏற்பர். ஒருவர் தவறினும் பாவையின் நடை குலையும். அம்முறையைத் தழுவித் துணிப்பாவையொன்றைப் பிள்ளைகள் மூவரிடம் கொடுத்து, அது குனிந்து ஒரு பூவை எடுக்குமாறு செய்யச் சொல்லலாம். ஒருவரையொருவர் நோக்காமல் அது நிகழாது என்பதை அவர்கள் தம் கைகளாலேயே அறிவர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழைய காலுறையும் சிரட்டையும் பனையோலையும் போதும். வேண்டுவது ஆசிரியரின் பொறுமையே. பிள்ளையின் விடைக்குக் காத்திராது பாவையின் வாயால் உபதேசம் பொழியும் ஆசிரியர், பிரம்பைத் துணியாற் போர்த்தவரே ஆவர். காத்திருப்பாராயின், பிறர் துயரைத் தானே கண்டு அதற்கு வழியுங் கூறும் பிள்ளையை அவர் காண்பர்.